நெயில் பாலிஷ் பூசிய சீனக் கிண்ணம்

ஷார்ஜா முவைலாவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் பாத்திரங்களுக்குக் கால் முளைத்திருந்தது. இரண்டாம் மாடிப் பிரியாணி மேலே ஏறும், எங்கள் வீட்டுப் பாயசம் கீழே இறங்கும். போன பாத்திரம் திரும்பி வர வேண்டுமே! அதனால் ஒவ்வொரு வீட்டிலும் பாத்திரத்தின் அடியில் நெயில் பாலிஷால் ஓர் அடையாளம் போட்டு வைப்பார்கள். எங்கள் அடையாளம் சிவப்பு வட்டம். அதைப் போடும் உத்தியோகம் எட்டு வயதில் எனக்குக் கிடைத்திருந்தது. அதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்ச நஞ்சமல்ல.

அம்மாவின் தம்பியான என் மாமா, வீட்டுச் சாமான்களை பேக் செய்து அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருந்தவர், வெள்ளிக்கிழமை தவறாமல் எங்களோடு சாப்பிட வருவார். ஒரு வெள்ளிக்கிழமை, துண்டில் சுற்றிய கிண்ணம் ஒன்றை மேஜையில் வைத்தார். வெள்ளைப் பீங்கானில் இளஞ்சிவப்புப் பூக்கள். விரலால் தடவினால் இதழ்கள் மேடாகத் தட்டுப்பட்டன. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அம்மாள் கொடுத்ததாம்.

அம்மா கிண்ணத்தைப் பார்க்கவில்லை, தம்பியின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"டேய், நெஜத்தைச் சொல்லு. குடுத்தாங்களா, எடுத்தியா?"

"கையில குடுத்தாங்கக்கா. ஒண்ணுகூட உடையாம பேக் பண்ணினேன்னு குடுத்தாங்க. சத்தியமா!"

எனக்குச் சந்தேகம் வந்தது, அடையாளம் போடக் கிண்ணத்தைக் கவிழ்த்தபோதுதான். அங்கே ஏற்கெனவே சிவப்பில் சதுரமாக ஏதோ கிறுக்கியிருந்தது. வேறு வீட்டு அடையாளம்! ஐயையோ, மாமா திருடிக்கொண்டுதான் வந்திருக்கிறார். திருடினால் ஜெயில், பிறகு விசா ரத்து என்பது எங்கள் கட்டடத்துக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரியும். எனக்கோ மாமா என்றால் உயிர். சதுரம் துளியும் தெரியாதபடி நெயில் பாலிஷை அப்பிப் பெரிய வட்டமாக்கிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

தீபாவளியன்று அப்பாவின் மேனேஜர் சாப்பிட வந்தார். ஐரோப்பியர். மாமாவும் இருந்தார். முறுக்கு வைத்திருந்த அந்தக் கிண்ணத்தைக் கண்டதும் மனிதர் முறுக்கை மறந்தார். ஒரு முறை சுட்ட பீங்கானில் பூவை வரைந்து மறுபடியும் சூளையில் வைப்பார்களாம். இந்த இளஞ்சிவப்புக்காக அவர் நாட்டில் பிரபுக்களே பைத்தியமாக அலைந்தார்களாம். தானும் வீடு நிறையச் சேர்த்திருப்பதாகச் சொன்னார். முறுக்கைத் தட்டில் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்தார்.

அடியிலுள்ள முத்திரையை யார் மறைத்தது என்று கேட்டார். அம்மா ஓடிப்போய் ரிமூவரும் பஞ்சும் கொண்டுவந்து துடைத்தாள். என் வட்டம் அழிந்தது. சூளையில் சுட்ட சதுரம் அழியுமா? அது கிண்ணத்தைச் செய்த சீனர்களின் முத்திரையாம். திருட்டுப் பொருள் என்றால்தான் அதை மறைப்பார்கள் என்று மேனேஜர் அப்பாவிடம் இங்கிலீஷில் சொன்னார். எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

"நான் எதையும் மறைக்கலக்கா," என்றார் மாமா. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு ரிமூவர் பாட்டிலை மூடினாள்.

நான்தான் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. சொன்னால் ஏன் மறைத்தாய் என்று கேட்பார்கள், மாமாவை நானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று பயந்து விழுங்கிவிட்டேன். அந்தப் பயத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைசியில் மேனேஜர்தான் பெரிய மனது பண்ணினார். போலீஸ் கீலீஸ் எதுவும் வேண்டாம், உரியவரிடம் தானே ஒப்படைத்துவிடுவதாகச் சொன்னார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். மாமாவின் துண்டிலேயே சுற்றிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. சில மாதங்களில் விசாவை முடித்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். அக்காவும் தம்பியும் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை.

அன்று அந்த மேனேஜர் எனக்குத் தெய்வமாகத் தெரிந்தார். ஓடிப்போய் அவருக்காக லிஃப்ட் பொத்தானை அழுத்தியவளும் நான்தான். கிண்ணத்துக்கு உரியவர் யார், எந்த வீடு என்று அவர் மாமாவிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.