தாம்பரத்துக்குத் தாமதமாக வந்த கோப்பை

அக்டோபர் கடைசி வந்துவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஊரே மழைக்கும் தீபாவளிக்கும் நடுவில் அலைந்துகொண்டிருக்கும். நான் மட்டும் காலையில் அமெரிக்காவின் இறுதிப்போட்டி, மத்தியானம் ஜப்பானின் இறுதிப்போட்டி என்று இரண்டு தேசங்களுக்கு நடுவே கிடந்து அல்லாடுவேன். சேலையூரில் பேஸ்பால் பார்க்கும் ஒரே பைத்தியம் நான்தான் என்பாள் என் மகள். இருக்கலாம்.

எனக்குக் கிரிக்கெட்டே பிடிக்காது. கல்யாணமான புதிதில் கணவருக்கு ஒசாகாவில் வேலை. அவர் ஆபீஸ் போனபின் பேச ஆளில்லாமல் டிவியைப் போட்டால் பேஸ்பால்தான் ஓடும். பந்தை அடித்துவிட்டு ஓட வேண்டும், ஒரு சுற்று முடித்தால் ஒரு ரன். இது புரிய ஜப்பானிய மொழி எதற்கு? ஒரு வருஷம் இறுதிப்போட்டிக்கே கூட்டிப்போனார். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் தனிப்பாட்டு வைத்துக் கூட்டம் பாடியது. தோற்ற பக்கத்துக்காரர்கள் அழுதுகொண்டே தங்கள் குப்பையைப் பொறுக்கிப் பையில் கட்டினார்கள். நாங்கள் ஜெயித்த பக்கம் என்பதை மறந்து நானும் அவர்களோடு அழுதேன்.

பிறகு அமெரிக்கா. போன இடத்து அணிதான் எங்கள் அணி என்றாகிவிட்டது. அவர்களும் இறுதிப்போட்டிக்கு வந்தார்கள். இறுதிப்போட்டி என்றால் அங்கே ஏழு ஆட்டம் வரை போகும்; கடைசி ஆட்டத்துக்கு மூன்று பேரும் போனோம், தோற்றார்கள். அங்கே யாரும் குப்பையைப் பொறுக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் கணவரின் தோளில் சாய்ந்து விட்ட வார்த்தைகளுக்கு மகளின் காதைப் பொத்தவேண்டியிருந்தது. கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தபின் கணவர் சொன்னார்: “இவங்க கப் அடிக்கறதை ஒரே ஒரு தடவை நேர்ல பாத்துட்டா போதும்மா. மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிடலாம்.”

மகள் பத்தாம் வகுப்பை இங்கே படிக்கட்டும் என்று இருவரும் பேசித்தான் முடிவெடுத்தோம். நான் அவளோடு வந்துவிட்டேன், சிறுசேரியில் வேலையும் கிடைத்தது. அவர் பின்னாலேயே வருவதாகப் பேச்சு. புராஜெக்ட் முடியட்டும் என்றார். போனஸ் வரட்டும் என்றார். மகள் பத்து முடித்துப் பிளஸ் ஒன்னும் போய்விட்டாள். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டால், “கப் அடிக்கட்டும்மா, வந்துடறேன்” என்று சிரிப்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் அதைப் பிடித்துத் தொங்கினேன். வேறு எதுவும் அவர் கொடுக்கவில்லையே.

கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா வரைக்கும் இது போய்விட்டது.

“இன்னாம்மா, காலீலயே டிவி ஓடிகினு கீது? கிரிக்கெட்டா?”

“பேஸ்பால்க்கா.”

“இன்னா பாலோ. வூட்டுக்காரரு எப்ப வர்றாரு?”

“இவங்க ஜெயிச்சா வருவாரு.”

சங்கரா மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு டிவியைப் பார்த்தார். “அப்ப நல்லா ஆடச் சொல்லும்மா” என்றார்.

இந்த வருஷம் நல்லாத்தான் ஆடினார்கள். மறுபடி இறுதிப்போட்டி, மறுபடி கடைசி ஆட்டம் வரை போனது. அவர் எப்படியோ டிக்கெட் பிடித்துவிட்டார். இங்கே விடிந்ததிலிருந்து கொட்டும் மழை, பள்ளிக்கு லீவு. நான் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டுக் காய்ச்சல் என்று மெசேஜ் போட்டேன். உட்கார முடியவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்ததில் குக்கரை மறந்து பருப்பு அடிப்பிடித்தது.

காதில் போன். அவர் மைதானத்தில், போனைச் சட்டைப்பையில் போட்டு இயர்போன் மாட்டியிருந்தார். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. அங்கே நடப்பது என் டிவிக்கு வர அரை நிமிஷம் போல ஆகும். அதனால் ஏதாவது நடந்தால் உடனே மியூட் போட்டுவிடுவார். நான் பார்த்து முடித்தபிறகுதான் பேச்சு. அதில் மட்டும் ஒருநாளும் தவறியதில்லை.

எங்களுக்கு ஒரே ஒரு ரன் முன்னிலை. இன்னும் ஒருவனை அவுட்டாக்கினால் கப். டிவியில் எங்கள் பந்துவீச்சாளன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். போனில் மைதானமே வெடித்தது.

மியூட் போட மறந்துவிட்டார். ஜெயித்துவிட்டோம். மகளின் தோளை இறுக்கிப் பிடித்தேன், அப்பா வரப்போகிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவர் குரல் கேட்டது. என்னிடம் இல்லை, பக்கத்தில் இருந்த நண்பரிடம்.

“மச்சான்! அடுத்த சீசன் மொத்தத்துக்கும் டிக்கெட் இன்னைக்கே போட்டுடலாம்டா! உனக்கும் எனக்கும்!”

டிவியில் அவன் இன்னும் பந்தை எறியவில்லை.

“ஐயோ, சாரிம்மா, மியூட் பண்ண மறந்துட்டேன். சத்தம் கேட்டுடுச்சா?” என்றார்.

“கேட்டுதுங்க. வைங்க, நான் ஆட்டத்தைப் பாக்கணும்” என்று நானே முதலில் போனை வைத்தேன்.

பந்து வந்தது, மட்டை அதைத் தொடாமல் காற்றில் சுழன்றது, அவுட், எல்லோரும் ஓடிவந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அழுதேன். அவர்மேல் ஆத்திரத்தில் அழுதேன். இத்தனை வருஷம் காத்திருந்த கப் கிடைத்த சந்தோஷமும் அதில் இருந்தது, அந்தச் சந்தோஷத்தைக்கூட முழுசாக அனுபவிக்க விடவில்லையே என்று இன்னும் ஆத்திரம் வந்தது. மகள் சோபாமேல் ஏறிக் குதித்தாள்.

“அம்மா, ஜெயிச்சாச்சு! அப்பாவுக்குப் போன் போடு, எந்த தேதிக்கு டிக்கெட்னு கேளு!”