கறுப்புத் தூளில் சிவப்புக் கட்டி

வில்லியனூர்ப் பக்கம் ஒரு சின்ன கம்பெனி. நைலான் தூளில் கார்பன் நாரைக் கலந்து, த்ரீடி பிரிண்டருக்கான கறுப்புத் தூள் தயாரிக்கிறோம். கூட வேலை செய்யும் ஸ்டெல்லாவின் தூள், சலித்த மாவு போல ஒரே சீராகப் பரவும். என்னுடையது திட்டுத் திட்டாக நிற்கும். “ஸ்டெல்லா கைப்பக்குவத்தைப் பாரும்மா” என்று முதலாளி சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஆயுத பூசையன்று தூள் வைத்திருக்கும் டிரம்களுக்குப் பொட்டு வைக்கும் வேலை எனக்கு வந்தது. அவள் டிரம்மை விட்டுவிட்டு என்னுடையதைத் திறந்து, தூளிலேயே குங்குமத் தண்ணீரைத் தெளித்தேன். சாமி என் பக்கம் இருக்கட்டுமே! ஈரம் பட்டால் தூள் கெடும் என்று எனக்குத் தெரியாதா? பொறாமை அதை மறக்கடித்துவிட்டது.

விடுமுறை முடிந்த அன்று, வாடிக்கையாளருக்கு யார் தூளை அனுப்புவது என்று மதியம் முதலாளி சோதிப்பதாக இருந்தது. காலையில் டிரம்மைத் திறந்தால், கறுப்புக்குள் சிவப்புக் கட்டிகள். ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, சாமியையும் சேத்துக் கலந்துட்டியா?”

சிரித்துக்கொண்டே கட்டிகளைச் சலித்தெடுத்தாள். சோதனைக்காக ஓவனில் காய்ந்துகொண்டிருந்த தன் தூளை வெளியே எடுத்துவிட்டு என்னுடையதைக் காயவைத்தாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அன்றும் அவள் தூள்தான் தேர்வானது. முன்பெல்லாம் அவள் கைமேல்தான் எனக்குப் பொறாமை. இப்போது அவள் மனசின் மேலும்.