கெசையாவுக்கு ஒரு சிப்பாய் தேவைப்பட்டது

அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட சண்டையில், கென்டக்கியில் எங்கள் எசமான் ட்ரிம்பிள் வடக்குப் பக்கம். வாசலில் வடக்கின் கொடி பறக்கும். சமையலறையில் அவர் விலைக்கு வாங்கிய கெசையா ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பாள். நான் துணி வெளுப்பவள். சண்டையின் நடுவே அடிமைகளுக்கு விடுதலை என்று ஜனாதிபதி அறிவித்ததும், எசமான் எங்களைக் கூப்பிட்டு விளக்கினார்.

"அது நாட்டை விட்டுப் பிரிஞ்சு துரோகம் பண்ண மாநிலங்களுக்குத்தான். நாம விசுவாசமானவங்க."

"அப்ப நீங்களும் துரோகம் பண்ணியிருந்தா நாங்க தப்பிச்சிருப்போம், இல்லைங்களா ஐயா?" என்றாள் கெசையா.

அன்று அவளுக்குச் சாப்பாடு கிடையாது. சமைத்ததென்னவோ அவள்தான்.

பக்கத்துப் பண்ணையில் வண்டியோட்டிய பிலேமோன் பல வருஷமாக அவளைச் சுற்றி வந்தான். வாய்ச்சவடால் பேர்வழி. பட்டாளத்தில் சேர்ந்தால் விடுதலை என்று தெரிந்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்தான். நீலச் சட்டையைக் காட்டிவிட்டுப் போக ஒருநாள் வந்தான்.

"சட்டை நல்லாத்தான் இருக்கு. உள்ள அதே ஆள்தானே?" என்று அனுப்பிவிட்டாள்.

சண்டை முடிகிற சமயத்தில் புதுச் சட்டம் வந்தது. சிப்பாய்களின் மனைவி மக்களுக்கும் விடுதலை. என் புருஷன் முகாமில் இருந்தான்; ஆள் மூலம் சொல்லியனுப்பினான். நான் கெசையாவிடம் ஓடினேன்.

"பெண்டாட்டிக்கு மட்டுமா? மனுஷியா இருந்தா போதாதாமா?"

"போதாதாம்டி."

மாவுக் கையைத் துடைத்துவிட்டு என்னோடு கிளம்பிவிட்டாள். முகாமில் பாதிரியார் கூடாரத்தின் முன் கல்யாணத்துக்குப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பிலேமோன் மெதுவாக நடந்து வந்தான்.

"என்ன கெசையா, வழி தவறிட்டியா?"

"என்னைக் கட்டிக்கிறியா?"

"யோசிக்கணுமே..."

"நல்லா யோசி. இங்க நீலச் சட்டைக்கா பஞ்சம்?"

அவள் திரும்புவதற்குள் அவன் வரிசையில் நின்றிருந்தான்.

அடுத்த வாரம் எசமான் குதிரையில் வந்து, தன் சொத்தைத் திருப்பித் தரும்படி அதிகாரியிடம் கத்தினார். அதிகாரி சட்டத்தைப் படித்துக் காட்டினார். எசமானுடைய குரல் தழைந்தது.

"கெசையா, வீட்டுல வாயில வைக்கிற மாதிரி ஒண்ணுமில்லை. எசமானியம்மாவுக்கு ரொட்டி சுட வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

"மாவு பீப்பாயில இருக்கு ஐயா. அடுப்பும் அங்கேயேதான் இருக்கு."

டிசம்பரில் நாடு முழுக்க அடிமைத்தனம் ஒழிந்தது. எங்கள் விசுவாசமான மாநிலம் அப்போதும் 'ஒழிக்க வேண்டாம்' என்றுதான் ஓட்டுப் போட்டிருந்தது. பிலேமோன் முகம் சுருங்கி நின்றான்.

"இனிமே நீ யாருக்கும் பெண்டாட்டியா இருக்கத் தேவையில்லை. போயிடுவியா?"

"யோசிச்சிட்டிருக்கேன். நீ போய் விறகு கொண்டா."

அவள் போகவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு, "சிரிக்க வைக்கிறான்டி" என்றாள். கொஞ்சம் வெட்கப்பட்டாள் என்றுகூடச் சொல்லலாம்.

பிற்பாடு எசமான், கெசையாவைத் தானே மனமிரங்கி விடுவித்ததாகச் சர்ச்சில் சொல்லிக்கொண்டார். தான்தான் அவளை விடுவித்ததாகப் பிலேமோன் சாராயக் கடையில் சொல்லிக்கொண்டான். அவள் லெக்சிங்டன் நகரத்தில் ரொட்டிக் கடை போட்டு, தன் பெயரைப் பலகையில் எழுதி மாட்டினாள்.

"என் பேரையும் சேர்த்திருக்கலாமேடி?" என்றான் பிலேமோன்.

"நீ எந்த ரொட்டியைச் சுட்ட?"

முணுமுணுத்துக்கொண்டே அடுப்புக்கு விறகு பிளக்கக் கோடாலியைத் தேடிப் போனான்.