அரை நொடி பின்னால்

காதில் ஒயரைச் செருகிக்கொண்டு பேருந்தின் கண்ணாடிகளைத் துடைக்கிறாள். ஆங்கிலப் பாடப் பதிவில் ஓர் ஆங்கிலேயன் கோட்டையைப் பற்றிச் சொல்கிறான். அரை நொடி பின்னால் இவளும் சொல்கிறாள். அவன் மூச்சு வாங்கும் இடத்தில் வாங்குகிறாள். பத்தாம் பாடத்தில் அவன் இருமுகிறான். இவளும் இருமுகிறாள்.

“இருமலையாவது விட்டுடக் கூடாதா, தோமோயே-சான்?” என்று கேட்டேன்.

“பாடத்துல இருக்கு டிரைவர். இது வேணும், இது வேணாம்னு சொல்ல நான் யாரு?”

நிஷிவாக்கி தோமோயே. மாட்சுவே கோட்டையைச் சுற்றும் எங்கள் வண்டியில் முப்பத்திரண்டு வருடமாக வழிகாட்டி. வெள்ளைக் கையுறை, சற்றே சாய்ந்த தொப்பி. ஜப்பானிய மொழியில் பேச ஆரம்பித்தால், யாராவது நிறுத்தினால்தான் உண்டு. பயணிகளில் பாதிப்பேர் வெளிநாட்டார் ஆனபின் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசியில் பிரிவுத் தலைவர் அவளுடைய ஆங்கிலத்தைச் சோதிப்பார். தேறாவிட்டால் அவள் டிக்கெட் ஜன்னலுக்குப் போகவேண்டும். வண்டியில் பதிவுசெய்த குரல் பேசும்.

மதியச் சோற்றுருண்டையை மெல்லும்போதும் பாடம் நிற்பதில்லை.

“வாய் நெறைய சோறு இருந்தா நல்லா வருது டிரைவர். அவங்க நாக்குக்கும் எடம் பத்தாது போல.”

சோதனை நாளில் தலைவர் கஜிவாரா முன்வரிசையில் உட்கார்ந்தார். “காதுல இருக்கறதக் கழட்டிடுங்க” என்றார். கழற்றினாள்.

கோட்டை வாசல் வந்தது. ஒலிவாங்கி வாயருகே இருந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. அந்த வாக்கியங்களை நானூறு முறையாவது சொல்லியிருப்பாள். ஒருமுறைகூட முதலில் சொன்னதில்லை. நான் வண்டியை நடைவேகத்துக்குக் குறைத்தேன்.

கஜிவாராவின் பக்கத்து இருக்கையில் இருந்த கனடாக்காரர் இரக்கப்பட்டு, கையிலிருந்த துண்டுப் பிரசுரத்தை உரக்கப் படித்தார். சட்டென்று அவர் சொற்களைப் பிடித்துக்கொண்டு அரை நொடி பின்னால் சொன்னாள். அவர் வேகத்தைக் கூட்டினார், இவளும் கூட்டினாள். மூக்கைச் சிந்த அவர் நிறுத்தினார். இவளும் நின்று காத்திருந்தாள். வண்டியே சிரித்தது.

கஜிவாரா சிரிக்கவில்லை. இறங்கும்போது சொன்னார்: “உச்சரிப்புல ஒரு குத்தமும் இல்ல. ஆனா யாரு யாருக்கு வழி காட்டினாங்க? நாளைக்கு இன்னொரு தடவ வரேன். அதான் கடைசி.”

அவர் போனபின் தோமோயே என்னிடம் வந்தாள்.

“அப்ப நாந்தான் மொதல்ல பேசணுமா?”

“வழிகாட்டின்னா வேற என்ன?”

“பாடத்துல யாரும் இதச் சொல்லலியே!”

மறுநாள் மழை. பதினொரு பயணிகள், அவர்களில் ஏழுபேர் வெளிநாட்டார். கஜிவாரா கடைசி வரிசையில் இருந்தார். ஒன்பது நாற்பதுக்குக் கோட்டை வாசலில் நிறுத்தினேன். கட்டியது யார், எப்போது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இரண்டு இடத்தில் தடுமாறினாள். பிறகு கோட்டையின் பெயரை எங்கள் மொழியில் நிதானமாக ஒருமுறை சொன்னாள். சொல்லிவிட்டு, அதைத் திரும்பச் சொல்லும்படி முன்னிருக்கை வெளிநாட்டாரின் வாயருகே ஒலிவாங்கியை நீட்டினாள்.