இரண்டு எஞ்சின் பிளாக்குகளின் எடை

மறைமலை நகரில் ஒரு ஃபவுண்டரியில் இருபத்தெட்டு வருடம் இரும்பு வார்ப்புகளைத் தட்டிப் பார்த்துத் தரம் சொன்னவள் நான். ஆனாலும் ஓய்வுக்குப் பிறகு நாங்கள் ஆசையாக வாங்கிய பழைய காரைப் பற்றி என் கணவரும் மெக்கானிக்கும்தான் பேசுவார்கள். நான் காபி கொண்டுவந்து கொடுக்கலாம்.

அந்தக் காரின் எஞ்சின் பிளாக் விரிசல் விட்டுவிட்டது. படப்பையில் ஒரு பழைய இரும்புக் கடையில் அதே எஞ்சினுக்கு இரண்டு பிளாக்குகள் கிடந்தன. ஒன்று அந்த மாடலின் ஆரம்ப வருடங்களில் வந்தது, மற்றது கடைசி வருடங்களில் வந்தது. இரண்டிலுமே சிலிண்டர் தேய்ந்திருந்ததால் எதை எடுத்தாலும் உள்ளே கடைந்து பெரிதாக்க வேண்டும். சுவர் மெலிந்த பிளாக்கைக் கடைந்தால் ஓட்டை விழும். அத்தோடு கார் எங்கள் சிட்லபாக்கம் வீட்டு வாசலில் துருப்பிடிக்க வேண்டியதுதான்.

"ஆரம்பத்துல வந்ததுதான் கனமா இருக்கும். அப்புறம் இரும்பை மிச்சம் பிடிக்க சுவரை மெலிசாக்கிட்டாங்க" என்றேன்.

"எடை போட்டா தெரிஞ்சிடப் போகுது" என்றார் கணவர்.

கடைக்காரர் எடை மெஷினில் ஏற்றினார். முந்தியது ஐம்பத்திரண்டு கிலோ. பிந்தியது ஐம்பத்து மூன்றரை.

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கணவர் அடக்கவே இல்லை. "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்" என்றார். எனக்குக் காதுவரை சூடேறியது.

அந்தக் கோபத்தில்தான் ஒரு சுத்தியலை எடுத்துப் பிந்திய பிளாக்கைத் தட்டினேன். சோறு நிறைந்த பானைபோல மொத்தென்றது. முந்தியதைத் தட்டினேன். கணீரென்றது.

"மொத்துனு கேட்டுச்சே, அது எந்த ஊர்ல ஓடின வண்டி அண்ணா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"நம்ம தாம்பரம் வண்டிதான்க்கா. போர் தண்ணியே ஊத்தி ஓட்டிக்கினு இருந்தாரு. இன்னொண்ணு ஊட்டில ஓடினது."

எங்கள் பக்கத்து போர் தண்ணீர் வெந்நீர்ப் பாத்திரத்தையே வெள்ளையடித்துவிடும். ரேடியேட்டரில் அதை ஊற்றினால் பிளாக்குக்குள் தண்ணீர் ஓடும் வழியை விட்டுவைக்குமா? பக்கவாட்டு மூடிகளைக் கழற்றச் சொன்னேன். உப்பும் துருவும் கட்டி கட்டியாக வந்துகொண்டே இருந்தன. முந்தியதையும் விடவில்லை, அதில் ஒரு பிடிகூடத் தேறவில்லை.

மறுபடி எடை. முந்தியது அதே ஐம்பத்திரண்டு. பிந்தியது நாற்பத்தொன்பதரை. கொட்டிய குப்பையைச் சிமெண்ட் சாக்கில் அள்ளி அதையும் மெஷினில் வைக்கச் சொன்னேன். நாலு கிலோ. அது தேவையே இல்லை. ஆனால் மூன்று பேரும் அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

முந்திய பிளாக் லேத்துக்குப் போய் ஓட்டை விழாமல் திரும்பியது. கார் கிளம்பிய அன்று, மெக்கானிக் பானெட்டை மூடாமல் என்னைக் கூப்பிட்டார். "மேடம், சத்தம் சரியா இருக்கான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

நான் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தபோது கணவர் வீட்டுக்குள் போனார். வரும்போது தட்டில் மூன்று டம்ளர் காபி இருந்தது. என் இரண்டு கைகளிலும் கிரீஸ்.

"அங்க வைங்க, வரேன்" என்றேன்.