கறுத்த உதட்டுக்கு அம்மன் சொன்ன பதில்

அம்மனை நம்பி வாழும் என் சொந்தங்களே, என் மகள் செல்வியின் ரத்தம் உள்ளுக்குள்ளேயே சிதைந்துகொண்டிருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நான் அம்மனைத் திட்டினேன். கும்பிடவில்லை. திட்டினேன். புருஷனை எடுத்துக்கொண்டாயே, அது போதாதா, இந்த ஒன்றும் வேண்டுமா என்று வாய்விட்டுக் கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. கோலாலம்பூருக்கு வடக்கே, பத்தாங் பெர்ஜுந்தைக்கு உள்ளே, எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்தில், கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் இருந்தோம். செல்வி பள்ளியில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே டீச்சர் என்னைக் கூப்பிட்டார். பிள்ளையின் உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கின்றன, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. கறுத்த பிள்ளைக்கு உதடும் கறுப்பாகத்தானே இருக்கும், இதற்காக ஒரு நாள் சம்பளம் போகவேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். அவள் அப்பாவுக்கும் உதடு கறுப்புத்தானே.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் முனியாண்டி, செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் வேலை செய்தவர். உதடு கரிக்கட்டை மாதிரி இருக்கும். தோட்டத்தில் அவருக்குச் சுருட்டு முனியாண்டி என்றே பெயர். அவர் புகைத்து யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் ஒளிந்து பிடிக்கிறான் என்பதில் யாருக்கும் சந்தேகமும் இல்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர்கூட, நெருப்புப் பெட்டி இருக்கா முனியாண்டி என்று சீண்டுவார். "சாமி சத்தியமா நான் அதைத் தொட்டதே இல்ல புள்ள" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே, அதான் உதடே சொல்லுதே என்பேன்.

செல்விக்கு மூன்று வயதாக இருந்தபோது லோரி வாய்க்காலில் கவிழ்ந்து அவர் போய்விட்டார். வீட்டில் மாட்டுவதற்குப் படம் பெரிதாக்கக் கொடுத்தபோது, உதட்டை மட்டும் கொஞ்சம் சிவப்பாக்கித் தரட்டுமா என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். சரி என்றேன். மாலை போட்ட பிறகாவது அவரை யாரும் சுருட்டு என்று சொல்லக்கூடாது என்று நினைத்தேன்.

கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் முதலில் செல்வியின் இருதயத்தைப் பார்த்தார்கள். ஓட்டை இல்லை. நுரையீரலும் நன்றாக இருந்தது. பிறகு ரத்தத்தைப் பார்த்தார்கள். ரத்தத்தில் காற்றைச் சுமந்துகொண்டு போகும் புரதம் ஒன்று இருக்கிறதாம். சங்கிலி மாதிரி கோத்த அந்தப் புரதத்தில் ஒரே ஒரு கண்ணி மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆயிற்று.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அந்த மாற்றத்தால் புரதமே குலைந்துபோகிறது என்றால், வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், பிள்ளை வளர்வதே கஷ்டம். காற்றைப் பிடிக்கும் பிடி மட்டும் மாறியிருந்தால் பயமில்லை. செல்விக்கு ரத்தம் கொஞ்சம் குறைவாக இருந்தது, அதனால் எதுவென்று சொல்ல முடியவில்லை. ரத்தத்தை மறுபடி சோதிக்கிறோம், பல்கலைக்கழகத்தில் ஒருவர் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டும் பார்க்கிறார், காத்திருங்கள் என்றார். நான் கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டதில்லை. என் பிள்ளையின் உயிர் ஏதோ ஒரு பெட்டிக்குள் போய் மாட்டிக்கொண்டதே என்று அழுதேன்.

அதுவரை என் வேண்டுதல் எல்லாம் ஒன்றுதான். தாயே, பிடியை விட்டுவிடாதே.

பிள்ளை தங்காத வீடுகளில் நம் ஆட்கள் ஒன்று செய்வார்களே, பிள்ளையை அம்மனுக்கே கொடுத்துவிட்டு, தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவது. அதைச் செய்ய முடிவு செய்தேன். தஞ்சோங் காராங் நெல் ஆலையிலிருந்து தவிடு வாங்கி வந்தேன். கைப்பிள்ளைக்குச் செய்வதைப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கா என்று பூசாரி தயங்கினார். பிறகு ஒத்துக்கொண்டார். பிள்ளையை வாசற்படியில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கோயில் எல்லைவரை போகவேண்டும். கைப்பிள்ளை என்றால் கிடத்திவிட்டுப் போய்விடலாம். இவளோ என் சேலையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, போகாதம்மா என்று அழுகிறாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு நடந்தேன். அன்றைக்கு நான் எதுவும் கேட்கவில்லை. இனி இவள் உன் பிள்ளை என்று மட்டும் சொன்னேன். பிறகு பூசாரியிடம் தவிட்டைக் கொடுத்து அவளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாதம் பல்கலைக்கழகத்துக்கு வரச் சொன்னார்கள். கணக்குப் போட்டவர் சின்ன வயதுக்காரர், ரவாங் பக்கத்துத் தமிழ்ப் பையன். மாறிய கண்ணியைக் கம்ப்யூட்டரில் வைத்து, புரதம் காற்றை எப்படிப் பிடிக்கிறது, எப்படி விடுகிறது என்று திரும்பத் திரும்பக் கணக்கிட்டாராம்.

"புரதம் குலையலக்கா. பிடிதான் தளர்ந்திருக்கு. ரத்தச் சோதனையிலயும் அதேதான் வந்திருக்கு."

பிடி தளர்ந்திருக்கு என்றதும் ஐயோ தாயே என்று கத்திவிட்டேன். அவர் அவசரமாக விளக்கினார். பிடி தளர்வாக இருப்பதால் காற்றைச் சுலபமாக விட்டுவிடுகிறது, அதனால் உடம்புக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது, ரத்தம் குறைவாக இருப்பதும் அதனால்தான், உதடு மட்டும் நீலமாகவே இருக்கும் என்றார்.

"அப்படின்னா லோரி மாதிரியா சார்? ஏத்துனா மட்டும் போதாது, மில்லுல எறக்கவும் வேணும்லா."

அதேதான் என்று சிரித்தார். பிறகு, இது பெற்றவர்களில் ஒருவரிடமிருந்துதான் வந்திருக்கவேண்டும், உங்கள் ரத்தத்தில் இல்லை, அப்பாவின் உதடு எப்படி என்று கேட்டார்.

"அவரு சுருட்டுப் பிடிக்க மாட்டாரு சார்" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். மகள் பிழைத்தாள் என்று அழுதேனா, அவர் சொன்ன சத்தியம் மெய் என்று அழுதேனா, எனக்கே தெரியாது. அம்மன் என் மகளைக் கொடுத்தாள். அவர் பெயரையும் கொடுத்தாள். அதைக் கேட்கத்தான் அவர் இல்லை. இந்தத் துக்கம் எனக்குத் தீரவே தீராது. ஆனாலும் அன்றிலிருந்து நான் அவளைத் திட்டியதில்லை. உங்கள் வீட்டிலும் கஷ்டம் இருக்கும். இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழாதீர்கள். ஒருமுறை அவள் வாசலில் விட்டுப் பாருங்கள்.

அந்த வாரமே படத்தைக் கழற்றி ஸ்டூடியோவுக்கு எடுத்துப்போனேன். உதட்டைப் பழையபடி கறுப்பாக்கிக் கொடுங்கள் என்றேன். அழகாகத்தானே இருக்கிறது என்றார் அவர். கறுப்பாக்குங்கள் என்றேன்.

திரும்ப மாட்டியபோது செல்வி கைக்கண்ணாடியை எடுத்துவந்து படத்தின் கீழே நின்றாள். கண்ணாடியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா என்னைய மாதிரியே இருக்காரு."