நாற்பத்தெட்டாவது அங்கி

சலவைக் கடையின் பின்னறையில், தையல் மெஷினுக்கு மேலே, சுவரில் அவள் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறாள். மொழி, அறிவியல், சமூக அறிவியல் மூன்றுக்கும் நேரே சிவப்புப் பென்சிலில் டிக். கணக்குக்கு நேரே ஒன்றும் இல்லை. பள்ளியை முடிக்காதவர்கள் அதற்கு இணையான சான்றிதழ் வாங்க இந்த நான்கும் வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் மூன்றைத் தாண்டிவிட்டாள். கணக்கு மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. துணியில் கால் அங்குலம் பிசகாத கை, தாளில் ஒரு பின்னத்தைக் கண்டால் வெலவெலத்துப் போகும்.

கணக்குக்காகப் போகும் மாலை வகுப்பு வேறு கண்டிப்பு. ஒரு சுற்றில் மூன்று நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். காய்ச்சலில் இரண்டு நாள் ஏற்கெனவே போய்விட்டது.

பள்ளியில் அவள் பெயர் ஊசி. ஆளும் ஒல்லி, கையிலும் எந்நேரமும் ஊசி. தையல் டீச்சருக்கு அவள் என்றால் உயிர். கடைசி வருடம், நிறைவு விழாவுக்கு வகுப்பு மொத்தத்துக்கும் கருப்பு அங்கி தைக்கத் தலைமையாசிரியர் சொன்னார். டீச்சர் அங்கே பெரிதாகத் தலையாட்டிவிட்டு வந்து இவளைப் பிடித்துக்கொண்டார். கணக்கு வகுப்பு நேரத்தில் தையல் அறைக்கு வந்துவிடு, வாத்தியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். இவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருமுறை வராந்தாவில் கணக்கு வாத்தியார், "எங்கம்மா, ஆளையே காணோம்?" என்று கேட்டார். தெரிந்துகொண்டே கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு ஓடினாள். நாற்பத்தெட்டு அங்கி தைத்தாள். கடைசி அங்கி தன் அளவுக்கு.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு அறிவிப்புப் பலகையில் நாற்பத்தேழு பெயர்தான் இருந்தது. கணக்கில் வருகை போதவில்லையாம். டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். "எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்மா, அந்த மனுஷன் மசியல" என்றார். அன்று தொடங்கி இருபத்தைந்து வருடம் அந்த வாத்தியாரைத் திட்டித் தீர்த்தாள். அவர் செத்த செய்தி வந்தபோதுகூட உச்சுக் கொட்டவில்லை.

போன வெள்ளிக்கிழமை, மணி ஐந்தாகக் கொஞ்சம் இருக்கையில், அந்த டீச்சரே கடைக்கு வந்தார். தலை முழுக்க நரை. கையில் ஒரு கருப்பு அங்கி.

"ஊசி! நீ இங்கயா இருக்க? நல்லவேளை. தம்பி பொண்ணுக்கு நாளைக்குக் காலைல விழா. தரையெல்லாம் பெருக்குது பாரு."

இவளுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. அங்கியை மேசையில் விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, குண்டூசி குத்திக்கொண்டே சுவரைக் காட்டினாள்.

"கணக்கு ஒண்ணுதான் பாக்கி டீச்சர். அன்னிக்கு அந்த வாத்தியார் கொஞ்சம் மனசு வச்சிருந்தா..."

"அவரு என்ன பண்ணுவாரு, பாவம்," என்றார் டீச்சர், கண்ணாடியில் முடியைச் சரிசெய்தபடி. "அவருக்கு விஷயமே தெரியாது."

"நீங்க பேசறேன்னு சொன்னீங்களே?"

"பேசியிருந்தா உன்னை விட்டிருப்பாரா? அப்புறம் அத்தனை அங்கியை யாரு தைக்கிறது?" டீச்சர் சிரித்தார். "அதெல்லாம் பழைய கதை. கையில தொழில் இருக்கு, நல்லாத்தானே இருக்க?"

கழுத்தறுத்தது கட்டிக்கொண்டு அழுத கைதான். அந்தக் கண்ணீரை நம்பி, ஒரு பாவமும் அறியாத மனுஷனை இத்தனை வருடம் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறாள். டீச்சரோ இன்னும் முடியைத்தான் சரிசெய்துகொண்டிருந்தார்.

குத்திய குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். அங்கியை மடித்து நீட்டினாள்.

"என்னம்மா இது? நீ செய்யலன்னா யாரு செய்வா?"

"தெரியல டீச்சர். எனக்குக் கணக்கு வகுப்பு இருக்கு."

"ஒரு நாள் போகலன்னா என்ன ஆயிடப் போகுது?"

நோட்டை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

வகுப்பில் வருகை எடுத்தார்கள். அவள் பெயர் வந்தது. "இருக்கேன் சார்" என்றாள். வராந்தாவில் ஆளைக் காணோம் என்று தேடியவர் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது.